தோணிரேவு ஒலிபெருக்கி ஊமையான மதியம்

பயப்படத் தெரியாதவன் நெட்வொர்க் வேலைக்கு லாயக்கில்லை. எங்கோ நிற்கிற பெட்டி எப்போது காலை வாரும் என்று நமக்குத் தெரியாது. இந்த வேலையில் என்னோடு மாட்டிக்கொண்ட கூட்டாளிகளே, உங்களுக்கா சொல்ல வேண்டும்?

முடிச்சு

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் காற்று எச்சரிக்கை சொல்லும் ஒலிபெருக்கிகளைப் பொன்னேரி ஆபீசிலிருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. தோணிரேவு ஒலிபெருக்கி மட்டும் அடிக்கடி திக்கும். அங்கே வயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி, அதாவது சுவிட்ச், இருக்கும் அறையின் சாவி அந்த ஊர் தேசம்மாவிடம். அவள் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். வயர்களில் வலைநூல் கட்டி வைத்திருந்தாள். ஒலிபெருக்கிக்கு ஒரு முடிச்சு, படகுத்துறை கேமராவுக்கு இரண்டு. அசிங்கமாக இருக்கிறது, அவிழ்த்துப் போடம்மா என்றேன். "எங்க வலைக்கி இப்டித்தான் சார் அடையாளம் வெப்போம். இருந்தா உங்களுக்கு இன்னா?"

நகல்

திக்குவதற்குக் காரணம் கண்டுபிடிக்க, தோணிரேவு சுவிட்சில் போய்வரும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல், நடுவிலுள்ள இரண்டு சுவிட்சுகளைத் தாண்டி என் மேசைக்கே வரும்படி செய்தேன். ரிமோட் போர்ட் மிரரிங் என்பார்கள். கம்பம் கம்பமாக அலைய வேண்டாம். தேசம்மாவுக்குப் போனில் விளக்கினேன், பெருமையாகத்தான். கேமராவில் தெரிவதும் வருமா என்றாள். வரும் என்றேன். "யாரு எந்தப் பக்கம் வலை போடப் போறாங்கனு ஊருக்குள்ளயே சொல்ல மாட்டோம். நீங்க அங்க குந்திகினு பாப்பீங்களா?"

காற்று

மறுநாள் மதியம் நகலை நிறுத்தாமலே ரயிலேறிவிட்டேன். அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு வருவதற்குள் ஆபீசிலிருந்து போன். காற்று திரும்புகிறது, ஏரியில் பன்னிரண்டு தோணி நிற்கிறது, தோணிரேவு ஒலிபெருக்கி பேசவில்லை. தோணியில் போனை நனையாமல் சுற்றி வைத்திருப்பார்கள், மணி கேட்காது. கேமரா படமும் அதன் நகலும் ஒரே கேபிளில் போய் வழியை அடைத்துவிட்டன; எச்சரிக்கை நுழைய இடமில்லை. அடைத்தவன் நான். ஆபீசில் என் கம்ப்யூட்டரோ பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கிடக்கிறது, வேறு யாராலும் நகலை நிறுத்த முடியாது.

தேசம்மாவைக் கூப்பிட்டு, ஓடிப்போய் கேமரா வயரைப் பிடுங்கு என்றேன். மாற்றிப் பிடுங்கிவிட்டால் ஒலிபெருக்கியும் போச்சு. அறையில் பல்பு கிடையாது, வானமும் இருட்டிவிட்டது. "ரெண்டு முடிச்சு கைல சிக்கிச்சு சார். புடுங்கிட்டேன்." அவள் போனிலேயே ஒலிபெருக்கி அலறுவது கேட்டது.

பன்னிரண்டாவது தோணி

அனுப்பம்பட்டில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். படகுத்துறைக்குப் போய் நின்ற தேசம்மா, பதினொன்று கரையேறியாச்சு என்றாள். வராதது அவள் வீட்டுக்காரருடையது. போனை அவளும் வைக்கவில்லை, வைக்க எனக்கும் தைரியமில்லை. காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. அந்த மனிதர் முகம்கூட எனக்குத் தெரியாது. தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். பிறகு யாரோ கத்தினார்கள். கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தே வந்தாராம். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எல்லாத்தையும் பாத்துகினு இருக்கேன்னீங்களே சார், அவரு தெரியலியா?"

இப்போது நகல் வந்த என் மேசைக் கேபிளிலும் நானே வலைநூலில் போட்ட இரண்டு முடிச்சு தொங்குகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று சொல்ல ஆபீசில் யாருக்கும் இன்னும் தைரியம் வரவில்லை.