கப்பலுக்குக் கண்ணீர் அஞ்சலி

திண்டிவனம் கோதண்டபாணிக்கு இரண்டு குடும்பம். ஒன்று காந்திமதி. மற்றது ஐ.என்.எஸ். ரணசூரன் என்ற நாசகாரிப் போர்க்கப்பல். அதன் என்ஜின் அறையில்தான் அவருடைய வாலிபம் முழுக்க வெந்தது. ஓய்வு பெற்று வந்த பிறகும் ஓயாத கப்பல் கதை. கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

பழசாகிப்போன ரணசூரனைப் பயிற்சிக்கு இலக்காக நிறுத்தி, நம் கடற்படையே ஏவுகணை விட்டு மூழ்கடித்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பேர்தான் நாசகாரி, நாற்பது வருஷத்தில் யாரையும் நாசம் பண்ணியதில்லை. புயலில் சிக்கிய மீனவர்களை அள்ளிக்கொண்டு வந்த கப்பல், கடைசியில் சொந்தக்காரன் கையாலேயே போய்ச் சேர்ந்தது. வரப்புக்காகப் பங்காளியை வெட்டும் நம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் கோதண்டபாணி அழுதார். யாராவது ஒருத்தர் அதன் கதையைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்றால் போதும் அவருக்கு.

நம் ஊரில் செத்ததற்கு அத்தாட்சி பேனர்தானே! கப்பல் போட்டோவோடு பேனர் கடைக்குப் போனார்.

"தோற்றம், மறைவு எல்லாம் போட்டுட்றேன் சார். கீழ உங்க பேரு மட்டும் இருந்தா அநாதைச் சாவாட்டம் இருக்கும். நாலு பேரச் சேத்துக்கறேன்," என்றான் கடைக்காரன் குமரேசன்.

மறுநாள் மேம்பாலத்தடியில் பேனர் எழுந்தது. போன வாரச் சாவுக்கு அழுத நண்பர்கள் குழுவே இதற்கும் அழுதது: கறுப்புக் கண்ணாடி, காதில் செல்போன். காசு கொடுத்தவர் என்ற மரியாதைக்கு நடுவில் கோதண்டபாணியின் பெரிய படம். ரணசூரன் ஒரு மூலையில் தபால்தலை அளவில் கிடந்தது.

மதியத்துக்குள் கண்டாச்சிபுரத்து மச்சினன் சீனுவாசன் மாலையும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா! நல்லாத்தான் இருக்கீங்களா? பேனர போன்ல பாத்துட்டுப் பதறிக்கினு வர்றேன்!"

"செத்தது நான் இல்ல மச்சான், என் கப்பலு. எண்பத்து மூணுல அது..."

"கப்பலா? கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்க ஆள வுட்டுட்டு ஓடியாந்தேன். ஒரே பேஜாரு!"

மாலையை அவர் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

காந்திமதி வெளியே வந்தாள். அந்தக் கப்பலைக் காலமெல்லாம் சக்களத்தி என்று திட்டியவள். மாலையை வாங்கிக்கொண்டு போய், கூடத்தில் இருந்த கப்பல் படத்துக்குப் போட்டாள்.

"வெந்நீ வெச்சிருக்கேன். சாவு வுழுந்த வூட்டுல குளிக்காம சோறு துண்ணக் கூடாது. தலைக்கு ஊத்திக்கினு வாங்க," என்றாள். "வந்து அந்தப் புயல் கதயச் சொல்லுங்க. ஒருவாட்டி கூட நான் முழுசா கேட்டதில்ல."