மிளகாய் பூசிய அம்மனை எப்போது குளிர வைப்பது?

எரிகிற அம்மனை எப்போது குளிர வைக்க வேண்டும்? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. ஆனால் அவள் காது கொடுத்துக் கேட்டாள். அதற்கு நான் சாட்சி.

என் கணவர் குமார், பெங்களூரில் ரயில் பெட்டி செய்யும் ஆலையில் வெல்டர். ஆனி மாதம் ஆட்குறைப்பு என்று பேச்சு வந்தது. "உன்னைத் தொட மாட்டாங்க குமாரு, நான் இருக்கேன்ல" என்று எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னவர் லைன் இன்சார்ஜ் சுரேஷ். அடுத்த திங்கட்கிழமை ஆலை கேட்டில் இவருடைய கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. "கார்டு பிளாக் ஆகிதே, சைடுக்கு வா குரு" என்று கன்னடம் கலந்து சொன்னார், எல்லோரையும் 'குரு' என்றே கூப்பிடும் செக்யூரிட்டி. மறுநாளே இவர் இடத்தில் சுரேஷின் மச்சான் நின்றான்.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அழுகை நின்று கோபம் வந்தது.

பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் அம்மன் கோயில். அநியாயம் நடந்தவர்கள் அங்கே காய்ந்த மிளகாயை அரைத்து அவள் மேல் பூசுவார்கள். நியாயம் கிடைக்கும்வரை அவள் எரிவாள். கிடைத்ததும் பூசியவரே இளநீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போய் அரைத்துப் பூசினேன். "அதே கேட்டுல அவனும் நிக்கணும் தாயே" என்றேன். அன்று முழுக்கக் கை எரிந்தது. குழந்தையைத் தொடவே பயந்தேன்.

ஆடி முடிவதற்குள், பெட்டி மேல் தண்ணீர் அடித்துப் பார்க்கும் சோதனையில், மச்சான் வெல்டு வைத்த பெட்டிக் கூரை ஒழுகியது. இவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அடுத்த குறைப்பில் இன்சார்ஜ்களுக்கும் வேலை போனது. சுரேஷின் கார்டுக்குச் சிவப்பு எரிந்தபோது இவர் அதே வரிசையில் பின்னால் நின்றாராம்.

"பாவம்டி, அவருக்கு வேர்த்துடுச்சு" என்றார் இவர்.

"வேர்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாயசம் வைத்தேன். தாயே, உனக்குக் கோடி நன்றி.

அதன் பிறகு கோயிலுக்குப் போகவில்லை. இளநீர் ஊற்றினால் சுரேஷ் மறுபடி எழுந்துவிடுவானோ என்று மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று இருந்தேன்.

போன வாரம் சுரேஷின் மனைவி லதா வந்தாள். "அக்கா, உங்க வேண்டுதல் பலிச்சுதாமே? எனக்கும் அந்தக் கோயிலைக் காட்டுங்க. மிளகா நானே வாங்கிட்டு வரேன். எங்களைக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியல. அம்மனுக்குத் தெரியும்ல?"

என் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே கேட்டாள்.

நம்பிப் போங்கள், அம்மன் கேட்பாள். யார் போய் அரைத்தாலும் கேட்பாள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று லதாவிடம் சொல்லிவிட்டேன். இளநீர் சமையலறையில் இருக்கிறது. லதா அரைப்பதற்கு முன்பே நான் போய் ஊற்றிவிடட்டுமா? ஊற்றினால் சுரேஷ் தப்பிவிடுவானா? இப்படி வேண்டிக்கொண்ட யாராவது எனக்குச் சொல்லுங்கள்.