பாதிப் பொட்டலம்

சீல் அக்காவுக்குக் கோபம் குதிகாலிலிருந்து ஏறும். காலையில் பெல்ட் ஓடத் தொடங்கும்போது பாதத்தில் இருக்கும். டீ நேரத்துக்கு முழங்காலுக்கு வந்துவிடும். சாப்பாட்டு மணி அடிக்கும்போது இடுப்பைத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு அவளிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் சொந்தப் பொறுப்பில்தான் கொடுக்க வேண்டும்.

வேலை சிப்ஸ் கம்பெனியில். உருளைக்கிழங்குச் சீவல் எடைபோட்டு மேலிருந்து விழும். இயந்திரம் பைக்குள் காற்றடைத்து, சூடான இரண்டு தாடைகளால் வாயைக் கடித்து ஒட்டும். ஒட்டிய பை பெல்ட்டில் வரும்போது அவள் இரண்டு கையாலும் அழுத்திச் சீல் பார்ப்பாள். காற்றுப் போகிற பையைத் தள்ளிவிடுவாள். அதனால் அந்தப் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் நிற்க ஆரம்பித்தவள், காதோரம் நரைக்கிற வரைக்கும் நின்றாகிவிட்டது. அந்த ஹாலில் நாற்காலி என்ற சாமானே கிடையாது. உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடும் என்று யாரோ ஒரு காலத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்தவர் உட்கார்ந்துதான் கண்டுபிடித்திருப்பார் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்ட ஹாலின் மூலைக்கு ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியது. பையின் வாயில் ஜிப் வைத்து ஒட்டுகிற இயந்திரம். வேண்டிய மட்டும் தின்றுவிட்டு, விரலால் அழுத்தி மூடிக்கொள்ளலாம். ஜிப் கொஞ்சம் கோணினாலும் பை வீண் என்பதால் அது மெதுவாகத்தான் ஓடும். ஒருவர் முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இயந்திரத்தோடு ஒரு நாற்காலியும் வந்திருந்தது.

"உக்காந்து பாருங்கக்கா, யாரும் இல்ல" என்றான் மெக்கானிக்.

உட்கார்ந்தாள். முதுகு எதிலோ சாய்ந்தது. செருப்பிலிருந்து பாதத்தை உருவி, விரல்களை அகட்டினாள். உச்சி வெயில் நேரத்தில் கோபம் மடமடவென்று இறங்கியது அன்றைக்குத்தான்.

"இது நிலைச்சுதுன்னா உங்களைத்தான் போடுவாங்களாம். சூப்பர்வைசரே சொன்னாரு. சீல் பாக்கிறதுக்கு உங்களை விட்டா யாரு?"

அவள் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து விற்பனை மேனேஜர் வந்தார். பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ஜிப் பொட்டலம் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோங்க. எப்பவும்போல சாப்பிடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு எப்படி இருக்கோ அப்படியே கொண்டுவாங்க."

அவர் காரில் ஏறுகிற வரைக்கும் பொறுத்திருந்த சீல் அக்கா, கேன்டீனில் எல்லாரையும் வளைத்துப் பிடித்தாள்.

"ஒருத்தியும் காலி பண்ணிடக் கூடாது. வெறும் பையைக் கொண்டுபோய் நீட்டினா, ஜிப் நல்ல ஜிப்புன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் தின்னுட்டு, மீதியை மொறுமொறுன்னு கொண்டுவரணும்."

அட்டைப்பெட்டி அடுக்குகிறவள் தயங்கினாள். "எப்பவும்போலன்னு சொன்னாரேக்கா?"

"வீட்டுக்கு வந்தவங்களை நல்லாச் சாப்பிடுங்கன்னு சொல்றோம். அதுக்காகப் பானையையா கவுத்துடறாங்க? அதெல்லாம் மரியாதைக்குச் சொல்றதுடீ."

மறுபேச்சு இல்லை. சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டில் அவளுக்கு வாய்த்த எதிரி கொழுந்தன். டாக்சி ஓட்டுகிறவன். கண்ணில் பட்டதை நின்றபடியே தின்று தீர்க்கிறவன். முதல் நாளே எல்லாருக்கும் ஒரு பிடி கொடுத்துவிட்டு, பொட்டலத்தை மூடி அலமாரி உச்சியில் வைத்தாள்.

"சிப்ஸ் எதுக்கு அண்ணி? பாத்துட்டே இருக்கவா?"

"தொட்டே, கையை ஒடிச்சுருவேன்."

இரண்டு நாள் கழித்து, அடுப்படியில் இருந்தவளுக்குக் கூடத்தில் ஜிப் பிரிகிற சத்தம் கேட்டது. நாள் முழுக்கப் பைச் சத்தத்தையே கேட்கிற காதுக்குச் சுவர் ஒரு பொருட்டா? கரண்டியோடு ஓடி வந்தாள். முக்காலி மேல் கொழுந்தன்.

"மூடுடா!"

"ஒண்ணே ஒண்ணு அண்ணி."

"ஒண்ணு தின்னு நிறுத்தினவன் எவன்டா இருக்கான் ஊர்ல? மூடு. இந்த ஓரத்திலேருந்து அந்த ஓரம் வரைக்கும் அழுத்து. நல்லா அழுத்து!"

"சொந்த வீட்லயே திருட வெக்கிறீங்களே. என்னைவிட அந்தப் பை பெருசாப் போச்சு உங்களுக்கு."

"பெருசுதான். உனக்கும்தான் ரெண்டு குதிகால் இருக்கு. என்னைக்காவது அதுமேல வேலை பாத்திருக்கியா? நாள் பூரா உக்காந்து சம்பாதிக்கிறவன்தானே நீ? எனக்கும் ஒரு நாற்காலி கெடைக்கும்போல இருக்கு. அதையும் தின்னுடாதே!"

அவள் கணவர் செய்தித்தாளை இருவருக்கும் நடுவில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் முக்காலியிலிருந்து இறங்கி, விரலில் ஒட்டிய உப்பைக்கூட நக்காமல் கைகழுவப் போனான். அதன் பிறகு அவனே காவல்காரன் ஆனான். ஒருநாள் அலமாரிப் பக்கம் போன அண்ணனை, "அண்ணியோட நாற்காலி, தெரியும்ல?" என்று அதட்டியதாகவும் கேள்வி.

இரண்டு வாரம் கழிந்தது. மேனேஜர் அறை மேஜையில் பொட்டலங்கள் வரிசையாக நின்றன. எல்லாமே தொப்பையோடு நின்றன. பக்கத்தில் ஒரு தராசு. பெண்கள் சார்பில் சீல் அக்காவை மட்டும் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு சீவலை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"பிரமாதம்மா. இப்பப் பொரிச்ச மாதிரி இருக்கு."

"ஜிப் அப்படி, சார்."

"ஜிப் மேல ஒரு குறையும் இல்ல. அதனாலதான் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"சாதாரணப் பையைப் பிரிச்சா என்ன பண்றோம்? மூட வழியில்ல. வெச்சா நமுத்துடும். சரி, தின்னு தீர்த்துடுவோம்னு தீர்த்துடறோம். நாளைக்கு இன்னொண்ணு வாங்கறோம். இதுல மூட முடியுது. மூட முடிஞ்சா மூடிடறாங்க. பாருங்க, ஒரு வீட்லகூட பாதி தாண்டல. ஜிப்புக்குத் தனிச் செலவு, மெஷினும் மெதுவா ஓடுது. இவ்வளவும் பண்ணிக் கம்மியா விக்கிறதுக்கு நமக்கென்ன தலையெழுத்தா?"

"நாங்க தின்னாம வெச்சிருந்தோம் சார். ஆசை இருந்தும் தின்னல."

"எதுக்கு?"

"மொறுமொறுப்பு நிக்குதுன்னு உங்களுக்குக் காட்டத்தான்."

"எப்பவும்போல சாப்பிடுங்கன்னுதானேம்மா சொன்னேன்?"

"மரியாதைக்குச் சொன்னீங்கன்னு நெனச்சோம்."

மேனேஜர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டில் போய் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கக்கூடிய நல்ல சிரிப்பு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னொரு தடவை குடுங்க சார். ஒரே நாள்ல காலி பண்ணிக் காட்டறோம். என் கொழுந்தன் ஒருத்தன் போதும்."

"மெஷினை லாரியில ஏத்திட்டிருக்காங்கம்மா."

அவள் வரிசையிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்தாள்.

"அது கம்பெனி சாமான்."

"ரெண்டு வாரமா அதைத்தான் சார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

மாடிப்படியில் நின்று தின்றாள். கைநிறைய அள்ளி, வாய்நிறைய அடைத்து, ருசி தெரியாமல் கடித்தாள். ஒவ்வொரு கடியும் காதுக்குள் ஓடு நொறுங்குகிற மாதிரி கேட்டது. இவ்வளவு நாள் கழித்தும் அந்தப் பாழாய்ப்போன சீவலில் ஒன்றுகூட நமுத்திருக்கவில்லை. கொழுந்தன் கை உப்போடு நின்றது ஞாபகம் வந்தது. அவனையா மிரட்டினாய், மூதேவி? பை காலியானது. காலிப் பையின் ஜிப்பையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தி மூடியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கசக்கி எறிந்தாள்.

கீழே ஹாலில் செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"நீங்க சொன்னதைத்தானேக்கா செஞ்சோம்?" என்றாள் பெட்டி அடுக்குகிறவள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. புரியாமல் கேட்கிற குரல்.

மூலை காலியாக இருந்தது. தரையில் இயந்திரத்தின் கால் பதிந்த தடங்கள், எண்ணெய்க் கறை. லாரியில் ஏற்ற மறந்தோ, இடமில்லாமலோ, நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றது.

சீல் அக்கா அதன் முதுகைப் பிடித்து இழுத்தாள். ஹால் முழுக்கக் கேட்கும்படி தரையைக் கீறிக்கொண்டு அது வந்தது. தன் பெல்ட்டுக்கு முன்னால் போட்டாள். உட்கார்ந்தாள்.

பெல்ட் நிற்கிறவர்களுக்கென்று கட்டியது. உட்கார்ந்தவளின் மூக்கு உயரத்தில் ஓடியது. கையை மேலே தூக்கி, வருகிற ஒவ்வொரு பையையும் அழுத்தினாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். "அக்கா, என்னக்கா இது? எந்திரிங்க."

"சீல் தப்பா ஒண்ணு போனா சொல்லு, எந்திரிக்கிறேன்."

"உங்களுக்கு எட்டவே இல்லக்கா."

"எட்டலைன்னா பெல்ட்டை எறக்கு."

"ஐயோ, மேனேஜர் இன்னும் போகல. பாத்தா என்னாகும்?"

"பாக்கட்டும். உக்காந்துதானே பாக்கப்போறாரு."

பெட்டி அடுக்குகிறவள் குனிந்து சிரித்தாள். சூப்பர்வைசர் மாடிப்படியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், கையைப் பிசைந்தான். பைகள் வந்துகொண்டே இருந்தன. தோள்பட்டை இறங்கிவிடும்போல வலித்தது. அவள் செருப்பை உதறிவிட்டு, பாதத்தை நீட்டிக்கொண்டு, அடுத்த பையைப் பிடித்து அழுத்தினாள்.