வைஃபை கார்டு செத்த ஞாயிற்றுக்கிழமை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: திருப்புளி. எந்தப் பொருளில் சத்தம் வந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். சத்தம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இன்னும் அதிகமாக அரிக்கும். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி என்று மனிதர் கழற்றிப் பார்க்காத சாமானே கிடையாது. கழற்றியதெல்லாம் மறுபடி ஓடியதா என்று மட்டும் கேட்காதீர்கள். பாதி ஓடியது. மீதிப் பாதிக்கு, "அது ஏற்கெனவே போற நிலைமையிலதான் இருந்துச்சு" என்று கூசாமல் சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை ராத்திரி மனைவியின் லேப்டாப்பைக் கழற்றினார். அன்பினால்தான் கழற்றினார், அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்த லேப்டாப்பில்தான் மனைவிக்கு வேலைத் தேர்வு. கணக்கு டீச்சராக இருந்தவள், பிள்ளைக்காக வேலையை விட்டாள். பிள்ளை இப்போது காலேஜ் ஹாஸ்டலில். வீட்டிலிருந்தே பாடம் நடத்தும் வேலை ஒன்று, எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு, இப்போதுதான் வாசல்வரை வந்திருக்கிறது. நடுவில் லேப்டாப் சூடாகி நின்றுவிடக் கூடாதே என்று ஃபேனில் தூசி தட்டப் போனவர், போகிற போக்கில் பக்கத்தில் இருந்த சின்னக் கார்டையும் உருவித் துடைத்துச் சொருகி வைத்தார். யாருமே கேட்காத வேலை!

ஞாயிறு காலை லேப்டாப்பைத் திறந்த மனைவி, "என்னங்க, வைஃபையைக் காணோமே" என்றாள்.

"இணைப்பு வரலையா?"

"இணைப்பு இல்லீங்க. வைஃபைன்னு ஒண்ணு இருக்குமே, அந்த இடமே இல்ல."

மாஸ்டருக்கு ராத்திரி உருவிய கார்டு ஞாபகம் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதை, வாய்விட்டுக் கத்தவும் முடியாது. "இதெல்லாம் சாதாரணம், தள்ளு" என்று உட்கார்ந்தார். அணைத்துப் போட்டார். வரவில்லை. ஏரோப்ளேன் பட்டனைப் போட்டு எடுத்தார். வரவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு ஒரு பென்டிரைவில் இருந்து மறுபடி ஏற்றினார். அப்படி ஒரு கார்டே இந்த லேப்டாப்பில் இல்லை என்று அது சத்தியம் பண்ணியது. கடைசியில் திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றி, கார்டின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, அதன் தலையில் இருந்த இரண்டு மெல்லிய ஒயர்களையும் நகத்தால் அழுத்திப் பார்த்தார். ஊஹூம்.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் கிடையாது. லேப்டாப் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அதற்கும் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓட வேண்டும், அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், கார்டை உருவும்போது பேட்டரியைக் கழட்டினீங்கல்ல?" என்றான்.

மாஸ்டர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "கழட்டணுமா?"

"போச்சு போங்க. கரண்டோட உருவியிருக்கீங்க, கார்டு செத்துப்போச்சு. நாளைக்குப் புதுசு போட்டுத் தர்றேன். இன்னைக்கு அவசரம்னா, ரூட்டர்ல ஒரு கேபிளைச் சொருகி ஓட்டிக்கோங்க. ரூட்டர் எங்க இருக்கு?"

"மாடியில."

"அப்புறம் என்ன சார்? தூக்கிட்டுப் போய்ச் சொருகுங்க."

சொல்லிவிட்டான் சுளுவாக! மாடி என்பது அண்ணன் வீடு. கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அந்த அண்ணனும் மாஸ்டரும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. அண்ணன் வீட்டு மிக்ஸியைத் தம்பி ரிப்பேர் பார்த்ததில் ஆரம்பித்தது. அது புகைந்தபோது, விருந்துக்கு வந்த பத்துப் பேர் நடுவில், "இவன் கை பட்டா எதுவும் உருப்படாது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்தான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இணையம் ஒன்றே, அதை மட்டும் யாரும் அறுக்கவில்லை. நெட் நின்றுபோனால் மாஸ்டர் முற்றத்தில் நின்று, வானத்தைப் பார்த்து, "நெட் வரலையே!" என்பார். மேலே 'யாரோ' ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். அண்ணனும் பால்கனியில் நின்று, "மோட்டாரை நிறுத்தலாம், டேங்க் வழியுது!" என்று காற்றிடம் சொல்வார். கீழே 'யாரோ' நிறுத்துவார்கள். அண்ணன் மனைவியும் மாஸ்டர் மனைவியும் மட்டும் அக்கா தங்கையாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தானே கெடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பதா? அண்ணன் சொன்னது சரி என்று முத்திரை குத்தியதாகாதா?

"இன்னும் ஒரே ஒரு தடவை கழட்டிப் பார்த்துடறேன்" என்றார்.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. "நேத்து நீங்க ஃபேனைத் துடைச்சது எனக்குத் தெரியும். நான் தூங்கலை" என்றாள். "எனக்காகத்தான் பண்ணீங்கன்னு பேசாம இருந்தேன். ஆனா இன்னைக்கு விட்டா என்னை இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்க. நான் மாடிக்குப் போறேன். உங்க ரோஷம் கீழயே இருக்கட்டும்."

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியேறினாள். நாலு படி ஏறுவதற்குள் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. சார்ஜரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அந்தப் பேட்டரி அரை மணி நேரம் தாங்காது, அது அவருக்குத்தானே தெரியும்.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அடி பாவமே, வா வா" என்று கூடத்து மேசையில் இருந்ததையெல்லாம் ஒரே வாரலில் ஒதுக்கினாள். ரூட்டரில் இருந்த கேபிள் ஒரு முழம்தான். மேசையையே சுவரோரம் இழுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பேப்பரைத் தாழ்த்தினார், தம்பியைப் பார்த்தார், திறந்து கிடந்த அடிமூடியைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் அண்ணி முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். கேபிளைச் சொருகியதும் நெட் வந்துவிட்டது.

சரியாகப் பதினோரு மணிக்குத் திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். கொஞ்ச நேரம் கேள்வி கேட்டுவிட்டு, "வீட்ல ரெண்டு பேரை மாணவர்களா உட்கார வெச்சு ஒரு கணக்கு நடத்திக் காட்டுங்க மேடம்" என்றார் அதில் ஒருவர்.

மனைவி திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

"எனக்குக் கணக்குன்னா காய்ச்சலே வந்துடும்" என்று அண்ணி இரண்டு ஆண்களின் முதுகிலும் கை வைத்து ஒரே பெஞ்சில் தள்ளினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில், விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார்கள். மறுத்துப் பேச முடியாது, கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி கேட்டாள்: "ஒரு தொட்டி. ஒரு குழாய் மட்டும் திறந்தா மூணு மணி நேரத்துல நிரம்பும். இன்னொண்ணு மட்டும் திறந்தா ஆறு மணி நேரம். ரெண்டையும் சேர்த்துத் திறந்தா?"

"ஒன்பது மணி நேரம்" என்றார் மாஸ்டர் கம்பீரமாக.

அண்ணன் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. "டேய் மடையா! ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம்தானடா நிரம்பும்? எப்படிடா லேட்டாகும்?"

"நீ சேர்ந்தா லேட்டாத்தாண்ணா ஆகும்!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணா என்ற சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது மாஸ்டருக்கே அப்புறம்தான் உறைத்தது. காது சிவந்துபோனது. ஆனால் மனைவி டீச்சர் ஆயிற்றே, விடுவாளா! "ஏன் சீக்கிரம் நிரம்பும்னு அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். அண்ணன் நகர்ந்து உட்கார்ந்து, பேப்பரின் ஓரத்தில் தொட்டி வரைந்து, முதல் மணி நேரத்தில் ஒரு குழாய் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று விளக்கினார். தம்பி குறுக்கே குறுக்கே பேசினார். இரண்டு மணி நேரம் என்று விடை வந்தபோது இரண்டு பேரும் ஒரே பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "வகுப்புல பசங்க வாயே திறக்கிறதில்லன்னுதான் எங்களுக்குக் கவலை. உங்க வகுப்புல அந்தக் கவலை இல்ல மேடம். புதன்கிழமையில இருந்து வந்துடுங்க."

லேப்டாப்பை மூடிவிட்டு மனைவி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், கொஞ்சம் பயத்தோடும். அன்று மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் மாடியில்தான். "கை பட்டா உருப்படாது" என்று அண்ணன் ஆரம்பித்தார், "இன்னைக்கு உருப்பட்டுதே" என்று தம்பி முடித்தார்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் தெருவில் கார் துடைத்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் கூப்பிட்டான். "சார், புதுக் கார்டு வந்துடுச்சு. எடுத்துட்டு வரவா?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி வகுப்புக்கான கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் அண்ணன் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "டேய், பார்த்துட்டு நிக்கிறியே, வந்து பிடி!" என்று அவரைப் பார்த்தே கத்தினார்.

"இதோ வரேண்ணா!" என்றார் மாஸ்டர். பிறகு போனில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்தக் கார்டை வேற யாருக்காவது போட்டுக் குடுத்துடுப்பா."