மூன்று நாள் மௌனத்துக்காக ஒரு ஸ்தோத்திரம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு விடிந்தால் கோபம், இருட்டினால் எரிச்சல். காப்பி ஆறியிருந்தால் கத்துவார். சூடாயிருந்தால் நாக்கு வெந்துபோச்சென்று கத்துவார். மழை பெய்தால் அது மனைவி துணி துவைத்த குற்றம். அவருடைய சகலை சொல்வார்: "அண்ணனைப் பரலோகத்துக்கு அனுப்பினாலும், தெருவெல்லாம் பொன்னா இருக்கு, கண்ணு கூசுதுன்னு புகார் எழுதிக் குடுப்பாரு."

கடவுளை மட்டும் விட்டுவைப்பாரா? புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஜெப விண்ணப்பம் சொல்வார்கள். இவர் வாசிப்பது குற்றப்பத்திரிகை. "என் மேலதிகாரிக்குப் புத்தி வரணும். மாடி வீட்டுக்காரன் நாற்காலிய இழுக்கக் கூடாது. இவளுக்கு உப்பு அளவு தெரியணும்." எல்லோரும் கண்ணை மூடி "ஆமென்" என்பார்கள். முக்காட்டுக்குள் மனைவி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சனிக்கிழமை மனைவி அங்கே கிளம்புகிறாள். திரும்பி வருவாளா என்பதுதான் தெரியவில்லை. கேட்டபோது பெட்டியில் இன்னொரு சேலையை மடித்து வைத்தாள். இவர் கேட்ட விதமும் அப்படி: "அங்கயே உக்காந்துட்டா எனக்கு இங்க யாரு ஆக்கிக் கொட்டுறது?"

அந்தப் புதன்கிழமை, இருபத்தாறு வருடமாகக் கூட்டத்தில் வாய் திறக்காதவள் நன்றி சொல்ல எழுந்தாள்.

"போன மாசம் இவருக்குத் தொண்டை கட்டி மூணு நாள் குரலே வரல. அந்த மூணு நாளுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பழக்க தோஷம். பதினோரு பேரும் ஒரே மூச்சில் "ஆமென்!" என்றார்கள். போதகரின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்க. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலைத் தாண்டியதும் மெக்கானிக் வெடித்தார். "என் மானத்த வாங்கிட்டியேடி! அதுவும் ஆண்டவர் சந்நிதியில!"

"நீங்க வாரா வாரம் என்னப் பத்தி அவர்கிட்ட புகார் குடுக்கல? என் பக்கமும் அவருக்குத் தெரியட்டும்."

கோபம் இறங்காமலே மறுநாள் வேலைக்குப் போனார். பத்து மாடிக் கட்டடம். லிஃப்டின் கூரைமேல் எண்ணெய்க் குவளையோடு உட்கார்ந்திருந்தபோது கட்டட செக்ரட்டரியின் போன்.

"யோவ், என்ன லட்சணத்துல வேல பாக்குற? கதவு கிறீச்சுங்குது!"

போனை அணைத்துவிட்டுக் கத்தினார். "ஆறு வருஷம் ஒரு நாள் நிக்காம ஓடிச்சே, அப்ப ஒரு போன் பண்ணியா? நன்றிகெட்ட ஜென்மம்!"

அந்த வசவு இருட்டுக் கிணறு போன்ற சுவர்களுக்குள் இறங்கி, அடியில் மோதி, அவர் காதுக்கே திரும்பி வந்தது. இருபத்தாறு வருடம் நிற்காமல் ஓடிய ஒருத்தி வீட்டில் இருந்தாள்.

எண்ணெய் வழிந்து பேன்ட்டை நனைத்தது. அவர் நகரவில்லை. கடவுளிடமும் சண்டைக்குத்தான் போனார். "ரெண்டு நாளுக்குள்ள கன்னத்துல ரெண்டு அறை, போதாதா ஆண்டவரே? எனக்கு நன்றி சொல்ல வராது. நான் கெட்டவன். நீரே வாயில வச்சுக் குடும்." தன்மேலேயே குறை சொல்லி அவர் செய்த முதல் ஜெபம் அது.

நன்றி என்ன மாத்திரையா, விழுங்கியதும் கேட்பதற்கு? வெள்ளிக்கிழமை காப்பி ஆறியிருந்தது. "ஸ்தோத்திரம்" என்றார், கொலை மிரட்டல் போல.

"யாரத் திட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"திட்டல. நன்றி சொல்றேன்."

"அதுக்கு ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"உள்ள இருந்து வர்றப்ப வலிக்குதுடி."

சனிக்கிழமை பஸ் நாற்பது நிமிடம் தாமதம். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. டிரைவருக்கென்று வாயில் திரண்டதையெல்லாம் மென்று தின்றார். பிறகு எங்கோ பார்த்தபடி உறுமினார்.

"இத்தன வருஷம் நீ ஆக்கிப் போட்டதத் தின்னுட்டு, ஒரு நாள் நல்லாருக்குன்னு சொல்லல. தப்பு. உன்னக் குடுத்ததுக்கு ஆண்டவருக்கு இன்னிக்குக் காலையிலதான் நன்றி சொன்னேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னாள்:

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடியட்டும். ரெண்டு மாசம். நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

ரெண்டு மாசமா என்று தொண்டை வரை வந்ததை மிளகாய் போல விழுங்கினார்.

"சரிம்மா," என்றார்.