எட்டுப் படங்கள் போக மிச்ச நேரம்

வெள்ளிக்கிழமை மத்தியானச் சங்கு ஊதி, நான் சோற்றுத் தூக்கைத் திறந்த நேரம். கரீம் பாயின் மச்சான் பட்டறை வாசலில் வந்து நின்றார். "பாய் பூட்டார் நைனா. காத்தால டீ கேட்டாரு. கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள மூச்சு நின்னு போச்சு. சாயங்காலத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறோம், வந்துடு" என்றார். தூக்கை மூடி வைத்துவிட்டு ராயபுரத்துக்கு நடந்தேன்.

பட்டறைத் தோழர்களான உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துறைமுகத்துக் கிரேன்களைப் பழுது பார்த்த பிட்டர். உங்களுக்கெல்லாம் அவர் 'கேமராக்கார பாய்'. வாசலில் உட்கார்ந்து வருகையைக் குறிக்கும் டைம் கீப்பரான எனக்குப் பன்னிரண்டு வருஷத்துச் சிநேகிதர்.

அந்தப் பெட்டி கேமரா யுத்தம் முடிந்த சமயத்தில் வந்தது. ஒரு கப்பல் சமையல்காரன் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். படம் எடுக்கும்போது திறந்து மூடும் உள்மூடி திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தது. பாய் இரண்டு நாள் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. வருஷக்கணக்கில் காத்திருந்தார், அவன் வரவேயில்லை. அதன் பிறகுதான் பாய் முதல் பிலிமை வாங்கிப் போட்டார்.

ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பிலிம் கிடைப்பதே அரிது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றிவிட்டு, ஒன்றுகூட எடுக்காமல் திரும்புவார். கேட்டால், "இது எட்டு தபாதான் கண்ணு தொறக்கும் நைனா. மிச்ச நேரமெல்லாம் நாமதான் பாத்துக்கணும்" என்பார்.

நமக்கெல்லாம் போட்டோ என்றால் என்ன? ஸ்டுடியோவில் மலையும் மாளிகையும் வரைந்த திரைக்கு முன்னால், இரவல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பதுதானே. பாய் அப்படி ஒரு படமும் எடுக்கவில்லை. கரி மூட்டை இறக்கியவர் முகம் கழுவுவதை எடுத்தார். போர்மேன் வெற்றிலை மடிப்பதை எடுத்தார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து எடு பாய்" என்று கூப்பிட்டவரிடம், "கல்யாணத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் கீறாங்க. மறுநாள் வரேன், பாத்திரம் கழுவறப்ப எடுக்கறேன்" என்று சொன்னவர் அவர்.

அவரோடு நான் ஏழு மாதம் பேசாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். காரணத்தை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு ஞாயிறு காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். தெருக்குழாயில் என் மனைவி பத்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாய் அவளைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அந்தப் படத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான் பார்ப்பதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். தூக்கிச் செருகிய புடவை, கலைந்த தலை, வாய்விட்ட சிரிப்பு. அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டேன்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"ஒன்னக் கேக்கல, தப்புதான். நாலு பேர் கைல போனதும் தப்புதான்" என்றார். "ஆனா தங்கச்சியக் கேட்டுதான் எடுத்தேன்."

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. மாதங்கள் போயின. ஒருநாள் சோறு போடும்போது பத்மாவே கேட்டாள். "கரீம் அண்ணன் எடுத்த படம் இன்னா ஆச்சு?" உண்மையைச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குழம்பை ஊற்றிவிட்டு, "நான் எப்படி கீறேன்னு ஒரு தபா பாக்கலாம்னு இருந்தேன். நம்ம வூட்டுக் கண்ணாடில மூஞ்சி மட்டுந்தான் தெரியுது" என்றாள். எங்கள் கல்யாணப் படத்தில் அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் பாயிடம் போய் நின்றேன். பிலிமை வைத்திருந்தார். புதிதாகப் பிரிண்ட் போட்டு, "இந்த தபா தங்கச்சி கைலதான் குடுப்பேன்" என்று வீட்டுக்கே வந்தார். பத்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் டெய்லி இப்படித்தான் சிரிக்கறேனா?" என்று கேட்டாள்.

ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

அவர் எடுக்காத படம் ஒன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு ஐப்பசிப் புயலில் காசிமேட்டுக் கட்டுமரங்கள் சில கரை திரும்பவில்லை. பெண்கள் மழையில் வரிசையாக நின்று கடலையே பார்த்தபடி இருந்தார்கள். பாய் கையில் கேமரா இருந்தது, சுருளில் இன்னும் நாலு படம் மிச்சமிருந்தது. "எடுக்கலியா?" என்றேன். "அவங்க கடலப் பாத்துகினு கீறாங்க. நாம அவங்களப் பாக்கறது நல்லால்ல" என்று கேமராவைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டார். நாங்களும் கடல் பக்கம் திரும்பி நின்றோம். பொழுது சாய்வதற்குள் கட்டுமரங்கள் எல்லாம் கரை வந்துவிட்டன. ஒரு அம்மாள் புருஷனை முதுகில் ரெண்டு போட்டுவிட்டு, அழுதுகொண்டே பாயைக் கூப்பிட்டாள்: "இன்னா பாய், சும்மா நிக்கற? இப்ப எடு!" நாலையும் அங்கேயே எடுத்து முடித்தார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ரயில் கேட் மூடியிருந்தது. பக்கத்தில் இரும்பு ஏற்றிய மாட்டு வண்டி. வண்டிக்காரர் தன் தோள் துண்டின் நுனியை நனைத்து, மாட்டின் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண் முடிந்து மறு கண். நான் நின்றுவிட்டேன்.

"இன்னா சார் பாக்கற?"

"சும்மாதான். பாக்கலாமா?"

அவர் சிரித்துவிட்டார். "பாரேன். மாட்டப் பாக்கறதுக்கு டிக்கெட்டா கீது?"

கேட் திறந்து வண்டி போகும்வரை நின்று பார்த்தேன். கேட்டுவிட்டு, அவசரப்படாமல், முழுதாகப் பார்ப்பது: கரீம் பாயிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது சங்கு ஊதி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. அன்று லேட்டாக வந்தவர்கள் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதினேன்.