அப்பாவை மாற்றச் சொன்ன வகுப்பு

மட்டக்களப்பு நகரில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். வியர்த்துக் கொட்டினாலும் கோட்டைக் கழற்றாத ஓர் ஆசிரியர்தான் படிப்பித்தார்; எங்களுக்கு அவர் 'சேர்'.

"அப்பா வயல் செய்யிறார் எண்டு சொல்லிராதீங்க பிள்ளை, மதிக்கமாட்டாங்க. பிசினஸ் எண்டு சொல்லுங்க" என்றார். வெட்கமில்லாமல் நானும் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

முதல் அழைப்பு ஓர் அரிசி ஆலையிலிருந்து வந்தது. முகாமையாளர் விண்ணப்பத்தைப் பார்த்து, "ஊர் சித்தாண்டியா? அப்பா என்ன செய்யிறார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"பிசினஸ்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "வயல் வட்டைக்குப் போய் நெல்லு வாங்கிற வேலை தங்கச்சி. நெல்லைக் கடிச்சுப் பார்த்து ஈரம் சொல்லுற ஆள்தான் வேணும்."

அது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். ஆனால் இனிச் சொன்னால் பொய்க்காரியாகிவிடுவேன். எழுந்து வந்தேன்.

நடந்ததைச் சேரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அடுத்தமுறை அரச உத்தியோகம் எண்டு சொல்லுங்க" என்றார்.

இப்போதெல்லாம் என்ன வேலை என்று விசாரித்துவிட்டே போகிறேன். அவர்கள் கேட்கமுன்னரே, அப்பா வயல் செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சேர் தன் சொந்த அப்பாவை ஊருக்கு என்னவென்று சொல்லி வைத்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்.